ஆறாவது இடம்

ஜனவரி 11

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

'மாப்பிள்ளை' என்று எழுதிய பிறகுதான் இன்னும் அப்படி எழுதலாமா என்று யோசித்தேன். அடித்தால் அசிங்கமாகத் தெரியும். வேறு தாள் எடுக்கவும் மனசில்லை. பதினோரு வருஷம் அப்படியே கூப்பிட்ட பழக்கம். விவாகரத்துத் தீர்ப்பில் நீங்களும் என் மகளும் இனி கணவன் மனைவி இல்லை என்று எழுதியிருந்தார்களே தவிர, நான் உங்களை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று ஒரு வரியும் இல்லை. பிடிக்காவிட்டால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.

நான் நலம், காதைத் தவிர. இடது காது முழுசாகப் போய்விட்டது. வலது காது அரைச் சம்பளத்துக்கு வேலை செய்கிறது. உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

நாலு வருஷம் எட்டிப் பார்க்காதவள் காரியம் என்றதும் எழுதுகிறாளே என்று நினைப்பீர்கள். நினைத்தால் தப்பில்லை, காரியத்துக்காகத்தான் எழுதுகிறேன். என் பழைய கம்ப்யூட்டர் பத்து நாள் முன்னால் கண்ணை மூடிவிட்டது. புதிது வாங்கினேன். அதில் ஆபீஸ் சாஃப்ட்வேர் திறக்கிறது, எழுத மட்டும் விடமாட்டேன் என்கிறது. ஒரு தடவை 'சோதனைக் காலம் தொடங்கவில்லை' என்கிறது. இன்னொரு தடவை 'இந்தக் கணக்கைச் சரிபார்க்க முடியவில்லை' என்கிறது. பாஸ்வேர்டு மூன்று தடவை தப்பாகப் போட்டேன், ஈமெயிலும் சேர்ந்து பூட்டிக்கொண்டது.

கம்ப்யூட்டர் விற்றவரிடம் போனேன். "அது சாஃப்ட்வேர் கம்பெனி சமாசாரம்மா, எங்களுது இல்ல" என்று அட்டையில் ஒரு எண்ணை எழுதிக் கொடுத்தார். அந்த எண்ணைக் கூப்பிட்டால் ஏதோ ஒரு குரல் எதையோ அமுக்கச் சொல்கிறது. எனக்குக் கேட்பது வெறும் இரைச்சல். குத்துமதிப்பாக இரண்டை அமுக்கினேன். அரை மணி நேரம் போன் உள்ளங்கையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. பாட்டுப் போட்டிருப்பார்கள் போல.

நான் காலேஜ் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஆராய்ச்சி மாணவர்களுக்கு ஆய்வேடு அடித்துக் கொடுப்பது உங்களுக்குத் தெரியும். இப்போது கையில் இருப்பது மண்புழுவைப் பற்றி இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம், முந்நூறு அடிக்குறிப்பு. மார்ச் கடைசியில் அந்தப் பெண் சமர்ப்பிக்க வேண்டும். மகளிடம் சொன்னால் "இந்த வயசுல எதுக்கும்மா உனக்கு இந்த வேலை, விட்டுத்தொலை" என்பாள். வேலையும் இல்லையென்றால் நான் பகல் முழுக்க யாரோடு இருப்பேன் என்று அவளுக்குத் தெரியாது.

உங்கள் போன் எண் மாறிவிட்டது. கடை விலாசம் மட்டும் என் நோட்டில் இருந்தது. கடை அங்கேயேதான் இருக்கிறதா?

உங்கள் நன்மையை நினைக்கும்
அத்தை
(வேண்டுமானால் முன்னால் 'முன்னாள்' சேர்த்துக்கொள்ளுங்கள்)


ஜனவரி 23

அன்புள்ள அத்தைக்கு,

நான் சௌக்கியம். கடை அங்கேயேதான் இருக்கிறது, அதே படிக்கட்டுக்கு அடியில். மழை பெய்தால் அதே மூலையில் ஒழுகுகிறது.

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் கவரைப் பிரிக்கப் பயந்து மேஜையில் வைத்துவிட்டேன். மத்தியானம்தான் பிரித்தேன். கம்ப்யூட்டர் சமாசாரம் என்று தெரிந்ததும் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். 'மாப்பிள்ளை' என்றே எழுதுங்கள். இங்கே எல்லோருக்கும் நான் 'அண்ணே', இல்லையென்றால் 'மெக்கானிக்'.

இப்போது வேலைக்கு வருவோம். புது கம்ப்யூட்டரில் விற்பனைக்காகவே ஒரு சோதனை சாஃப்ட்வேர் போட்டுத்தான் அனுப்புவார்கள். உங்கள் பழைய சந்தா வேறு. ஒரே உறையில் இரண்டு கத்தி நிற்காது. முதலில் அந்தச் சோதனையை நீக்குங்கள். நீக்கியதும் கம்ப்யூட்டரை ஒரு தடவை அணைத்துப் போடுங்கள். பாதிப் பேர் இதைச் செய்யாமல்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பிறகு உங்கள் பழைய கணக்கில் நுழைந்து, அங்கிருந்து இன்ஸ்டால் செய்ய வேண்டும். கடைக்காரர் சொன்னார் என்று புதுச் சந்தா எதையும் வாங்கிவிடாதீர்கள். உங்களுடையது உயிரோடு இருக்கிறது.

எப்படி என்று கேட்பீர்கள். கல்யாணமான புதிதில் நான் ஒரு குடும்பத் திட்டம் எடுத்தேன், ஆறு பேர் சேரலாம். அதில் உங்களைச் சேர்த்தேன். வருஷா வருஷம் அது தானாகவே புதுப்பித்துக்கொள்கிறது. உங்களை நான் எடுக்கவில்லை.

பாஸ்வேர்டில்தான் ஒரு சிக்கல். அதை மாற்ற ஆறு இலக்கக் குறியீடு ஒன்று வரும். அது என் கடை ஈமெயிலுக்குத்தான் வரும், அன்றைக்கு அப்படித்தான் பதிந்து வைத்தேன். குறியீட்டுக்கு ஆயுள் பத்து நிமிஷம். நம் கடிதத்துக்குப் பத்து நாள். அதனால் இப்படிச் செய்வோம். பிப்ரவரி 22, ஞாயிறு, காலை சரியாகப் பதினோரு மணிக்கு நீங்கள் 'மறந்துவிட்டேன்' என்ற பட்டனை அமுக்குங்கள். நான் கடையில் ஸ்கிரீன் முன்னால் இருப்பேன். வந்த எண்ணை உங்கள் போனுக்கு அனுப்புகிறேன். உங்கள் எண்ணை மட்டும் எழுதுங்கள்.

என்றும் பணிவுடன்
மாப்பிள்ளை


பிப்ரவரி 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலமே இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

கடிதத்தின் நடுவில் இருந்த அந்தச் சேதியை மூன்று தடவை படித்தேன். இத்தனை நாள் சந்தாவை மகள் பார்த்துக்கொள்கிறாள் என்று நான் நினைத்திருந்தேன். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவள் நினைத்திருப்பாள். நடுவில் நீங்கள் இருந்தது யாருக்கும் தெரியாது. எனக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

போன் எண் கீழே எழுதியிருக்கிறேன். மகள் வாங்கிக் கொடுத்த பட்டன் போன், பெரிய பெரிய எண்ணாகத் தெரியும், தமிழ் வராது. அதனால் குறியீடு மட்டும் அதில் வரட்டும், மீதியை எழுதுங்கள். போன் பேச்சு எனக்குப் பாதிதான் வந்து சேரும். கடிதம் என்றால் ஒரு எழுத்துக்கூடச் சிந்தாது.

சோதனை சாஃப்ட்வேரை நீக்கிவிட்டேன். அணைத்தும் போட்டேன். பயந்துகொண்டே இரண்டு தடவை அணைத்துப் போட்டேன். பரவாயில்லையா?

உங்கள் அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அத்தை


பிப்ரவரி 23

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இது கையால் எழுதிய கடிதம் இல்லை, கவனித்தீர்களா? அடித்து, ஓரம் விட்டு, அச்சிட்டிருக்கிறேன். வேலை செய்கிறது!

நேற்றுக் காலை ஒன்பது மணிக்கே குளித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பதினொன்றுக்கு அமுக்கினேன். பதினொன்று நாலுக்கு போன் அதிர்ந்தது. அந்த நாலு நிமிஷம் நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் நீங்களும் அங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பது நிச்சயமாகத் தெரிந்தது. ஒரு ஆள் இந்த நிமிஷம் எங்கே இருக்கிறார், என்ன செய்கிறார் என்று நிச்சயமாகத் தெரிந்து எனக்கு எத்தனையோ நாளாயிற்று.

இன்ஸ்டால் ஆக முக்கால் மணி நேரம் எடுத்தது. தொண்ணூற்று மூன்று சதவீதத்தில் நின்றே போய்விட்டது. நீங்கள் அந்தக் காலத்தில் சொல்வீர்களே, "கை வைக்காதீங்க அத்தை, அதுவா வரும்" என்று. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அதுவாக வந்தது. தமிழ் எழுத்து மட்டும் சில இடத்தில் கட்டம் கட்டமாக வருகிறது. மண்புழு முழுவதும் சதுரமாகிக் கிடக்கிறது.

கணக்குப் பக்கத்தில் குடும்பம் என்று ஒரு பட்டியலும் பார்த்தேன். நாலு வட்டம். உங்கள் படம், உங்கள் தம்பி, தம்பி மனைவி, நான். மீதி இரண்டு காலி. ஒன்று யாருடையது என்று எனக்குத் தெரியும். உங்கள் அம்மாவின் வட்டம் எங்கே? அவருக்குத் தனியாக எடுத்துவிட்டீர்களா?

அன்புடன்
அத்தை


மார்ச் 8

அன்புள்ள அத்தைக்கு,

சௌக்கியம். கட்டம் கட்டமாக வருவது எழுத்துரு இல்லாததால்தான். பழைய கம்ப்யூட்டரில் இருந்த எழுத்துரு புதியதில் இல்லை. ஒரு பென்டிரைவில் போட்டு இந்தக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன். சொருகி, ஃபைலை இரண்டு தடவை தட்டி, 'நிறுவு' என்பதை அமுக்குங்கள். புழுக்கள் நெளிய ஆரம்பித்துவிடும்.

அம்மா போன வருஷத்துக்கு முந்தின செப்டம்பரில் தவறிவிட்டார்கள். பதினொரு நாள் ஆஸ்பத்திரி. நினைவு இருந்தபோது ஒரு தடவை, "சம்பந்தியம்மாவுக்குச் சொல்லிட்டியா?" என்று கேட்டார்கள். சொல்லிவிட்டேன் என்று பொய் சொன்னேன். உங்களுக்குச் சொல்லலாமா கூடாதா என்று கேட்க எனக்கு ஆள் இல்லை. தப்புதான், மன்னிக்க வேண்டும்.

முதுகு இப்போது பரவாயில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் பிசியோதெரபிக்குப் போகிறேன். தரையில் படுக்கவைத்துக் காலைத் தூக்கச் சொல்கிறார்கள். நல்ல கண்டிப்பான ஆள். ஒரு பயிற்சியை ஏமாற்றினாலும் கண்டுபிடித்துவிடுகிறார்கள். முன்னைவிட நன்றாக உட்கார முடிகிறது.

வேறு விசேஷம் இல்லை.

பணிவுடன்
மாப்பிள்ளை


ஏப்ரல் 2

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று என்னால் வேலை செய்ய முடியவில்லை. சம்பந்தியம்மாவும் நானும் அப்படி ஒன்றும் ஒட்டி உறவாடியதில்லை. என் தட்டச்சைப் பார்த்து, "விரல் பத்தும் சம்பாதிக்குதே" என்று ஒரு தடவை சொன்னார், அதில் கிண்டல் இருக்கிறதா என்று ஒரு வாரம் ஆராய்ந்தேன். ஆனாலும் சாகும்போது என்னைக் கேட்டிருக்கிறார். நான் இங்கே அடிக்குறிப்பு எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நீங்கள் மன்னிப்புக் கேட்டீர்கள். அது என் பக்கத்திலிருந்து வர வேண்டியது. நீங்கள் உங்கள் பெட்டிகளை எடுத்துப்போக வந்த நாள் நினைவிருக்கும். நான் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். கழுவ ஒரு பாத்திரமும் இல்லை. வாசலில் நின்று, "அத்தை, நான் கிளம்பறேன்" என்றீர்கள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவையும் சொன்னீர்கள். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லை என்று பிறகு மகளிடம் சொன்னேன். அப்போது எனக்குக் காது நன்றாகவே கேட்கும், மாப்பிள்ளை. இரண்டு தடவையும் கேட்டது.

மகள் பக்கம் நிற்க வேண்டியது என் கடமை என்று நினைத்தேன். நின்றேன். அதற்காக உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்க வேண்டியதில்லை.

மண்புழுப் பெண் திங்கட்கிழமை ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டாள். முன்னுரையில் எனக்கு நன்றி போட்டிருக்கிறாள். அந்தப் பக்கத்தையும் நானே அடித்ததால் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

அத்தை


மே 24

அன்புள்ள அத்தைக்கு,

பதில் எழுத ஆறு வாரம் ஆகிவிட்டது. கடையில் வேலை அதிகம் என்று எழுதலாம், அது பாதி உண்மை. உங்கள் கடிதத்துக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

அன்றைக்குக் குழாய்ச் சத்தம் எனக்கும் கேட்டது. பாத்திரம் மோதும் சத்தம் எதுவும் இல்லை என்பதையும் கவனித்தேன். நீங்கள் வெளியே வந்திருந்தால் நான் அழுதிருப்பேன், லாரிக்காரர் முன்னால் மானம் போயிருக்கும். அதனால் அதை விட்டுவிடுங்கள்.

நான் நன்றாக இருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். காதுக்கு டாக்டரைப் பார்த்தீர்களா? கம்ப்யூட்டர் 'அப்டேட்' கேட்டால் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னும் ஒரு விஷயம் எழுத வேண்டும். அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

மாப்பிள்ளை


ஜூன் 8

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லாம் வழக்கம்போல. லிஃப்ட் மறுபடி கெட்டுவிட்டது, மூன்று மாடி ஏறினால் என் மூச்சு எனக்கே கேட்கிறது. அதுவாவது கேட்கிறதே.

இப்போது கையில் வேலை இல்லை. ஆனாலும் தினம் கம்ப்யூட்டரைத் திறந்து வைக்கிறேன். போன வாரம் கணக்குப் பக்கத்தில் எதையோ தேடப்போய், குடும்பப் பட்டியலைப் பார்த்தேன். ஆறு வட்டமும் நிறைந்திருந்தது. ஒன்றில் ஒரு பெண்ணின் படம். இன்னொன்று குழந்தைக் கணக்கு, முன்பல் இரண்டும் இல்லாமல் சிரிக்கிறாள். நான் எதுவும் கேட்கவில்லை. காது கேட்காதவள் கேள்வியும் கேட்கக் கூடாது. அந்தப் பல் சீக்கிரம் முளைக்கட்டும்.

ஒரு சின்ன சந்தேகம். நான் புது கம்ப்யூட்டர் வாங்கியது மகளுக்குத் தெரிந்துவிட்டது. வாரத்துக்கு ஒரு நாள் வீடியோ காலில் ஸ்கிரீனில் வருவாளே, படம் தெளிவாக இருக்கிறதே என்று கேட்டாள். உடனே தன் பேரில் ஒரு குடும்பத் திட்டம் எடுத்து, என்னைச் சேரச் சொல்லி அழைப்பு அனுப்பிவிட்டாள். நான் 'ஏற்கிறேன்' என்பதை அமுக்கினேன். 'நீங்கள் ஏற்கெனவே வேறொரு குடும்பத்தில் இருக்கிறீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றில்தான் இருக்க முடியும். முதலில் அதிலிருந்து வெளியேறவும்' என்று வந்தது. நான் யார் குடும்பத்தில் இருக்கிறேன் என்று அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.

வெளியேறுவது எப்படி? எந்தப் பட்டன்? தெரிந்துவைத்துக்கொள்ளலாமே என்றுதான் கேட்கிறேன்.

அத்தை


ஜூன் 18

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் பதில் வருவதற்குள் மறுபடி எழுதுகிறேன். உடம்பு நன்றாக இருக்கிறது, அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

நேற்று மகள் ஸ்கிரீனில் வந்தாள். "ஏம்மா இன்னும் சேரல?" என்றாள். அவள் உதட்டைப் பார்த்துத்தான் நான் புரிந்துகொள்வேன். ஏதாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆரம்பத்திலிருந்து நான் உங்கள் திட்டத்தில்தான் இருக்கிறேன் என்றேன், ஜனவரியிலிருந்து நாம் எழுதிக்கொள்வதையும் சொன்னேன்.

அவள் வேகமாகப் பேசினாள், ஒன்றும் புரியவில்லை. மெதுவாகச் சொல்லு என்றேன். எழுந்து போய் ஒரு தாளில் கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டு வந்து கேமரா முன்னால் பிடித்தாள். 'அப்ப நான் யாரு?' என்று எழுதியிருந்தது.

நீ என் மகள் என்றேன். அதற்கு எந்தத் திட்டமும் வேண்டாம், எந்தப் பட்டனும் அதை எடுக்க முடியாது என்றேன். அவரோடு எனக்கு இருப்பது ஒரு பட்டியலும் எட்டுக் கடிதமும்தான், அதையும் என் கையாலேயே எடுக்கச் சொல்லாதே என்றேன். அவள் தாளை இறக்கினாள். ஸ்கிரீன் கறுத்துவிட்டது.

அவளுக்குக் கோபம் இருக்கும், இருக்கட்டும். போன கடிதத்தில் எந்தப் பட்டன் என்று கேட்டேன் இல்லையா, அதற்குப் பதில் எழுத வேண்டாம். நான் வெளியேறப் போவதில்லை. அந்தப் பக்கத்தில் புதிதாக வந்தவர்களுக்கு நான் இருப்பது சங்கடமில்லை என்றால், இருந்துவிட்டுப் போகிறேன்.

அத்தை


ஜூன் 19

அன்புள்ள அத்தைக்கு,

நான் நலம். உங்கள் ஜூன் 8 கடிதம் நேற்று வந்தது. நான் சொல்ல வேண்டியதை நீங்களே வட்டத்தில் பார்த்துவிட்டீர்கள். கோழை என்று திட்டுங்கள், ஏற்றுக்கொள்கிறேன்.

முதுகுக்குப் பயிற்சி கொடுத்தவர்தான். கணவர் இறந்து ஐந்து வருஷம் ஆகிறது. ஏழு வயதில் ஒரு மகள். ஆகஸ்ட் 14, வெள்ளிக்கிழமை, காலை பத்தரைக்கு ரெஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போடுகிறோம். அவர்கள் பக்கம் பதினைந்து பேர் வருவார்கள். என் பக்கம் தம்பியும் தம்பி மனைவியும்தான். உங்களைக் கூப்பிட வேண்டும் என்று இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். எந்த முகத்தோடு கூப்பிடுவது?

இனி உங்கள் சந்தேகம். உங்கள் மகள் கூப்பிட்டது நல்லது, அங்கேதான் நீங்கள் இருக்க வேண்டும். நீங்கள் 'தெரிந்துவைத்துக்கொள்ளலாம்' என்று கேட்டவிதத்திலேயே உங்களுக்கு அதைச் செய்ய எவ்வளவு கஷ்டம் என்று புரிந்தது. 'வெளியேறு' என்று அமுக்கினால், 'நிச்சயமாகவா?' என்று இரண்டாம் தடவையும் கேட்கும். உங்களுக்கு அது வேண்டாம். வரும் ஞாயிறு நானே என் பக்கத்திலிருந்து எடுத்துவிடுகிறேன். இந்தக் கடிதம் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். நீங்கள் மகளின் அழைப்பை ஏற்றால் மட்டும் போதும்.

என்றும் உங்கள்
மாப்பிள்ளை


ஜூன் 29

அத்தை,

உங்கள் 18ஆம் தேதிக் கடிதம் இப்போதுதான் வந்தது. கடையைச் சாத்திவிட்டு எழுதுகிறேன்.

நான் 21ஆம் தேதியே நீக்கிவிட்டேன். என் கடிதம் உங்களுக்கு இன்றோ நாளையோதான் கிடைக்கும். நடுவில் எட்டு நாள். அந்த எட்டு நாளும் காரணம் தெரியாமல் அந்த ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பீர்கள். உங்களுக்கு உதவி செய்கிறேன் என்று நினைத்து என்ன காரியம் செய்துவிட்டேன்.

மறுபடி அழைப்பு அனுப்பியிருக்கிறேன். போனுக்கும் நாலு தடவை ஆங்கில எழுத்தில் தமிழ் அடித்து அனுப்பினேன், பதில் இல்லை. நான் கட்டிக்கொள்ளப்போகிறவரிடமும் சொன்னேன். "முதல்ல அவங்களச் சேருங்க, அப்புறம் பேசலாம்" என்றார். ஆறாவது இடம் காலியாகவே இருக்கிறது. ஏற்றுக்கொள்ளுங்கள் அத்தை. ஒரு வரி எழுதுங்கள்.

மாப்பிள்ளை


ஆகஸ்ட் 1

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உடம்பு சரியில்லாமல் போய்விட்டதோ என்று பயந்திருப்பீர்கள். எனக்கு ஒன்றும் இல்லை. எழுத ஒரு மாதம் பிடித்தது.

ஜூன் 22 காலை கம்ப்யூட்டரைத் திறந்தேன். 'குடும்ப ஒருங்கிணைப்பாளர் உங்களை நீக்கியுள்ளார்' என்று இருந்தது. பழைய ஃபைல்கள் திறந்தன, படிக்கலாம், ஒரு எழுத்து சேர்க்க முடியாது. ஐந்து நாள் முன்னால்தான் மகளிடம் அத்தனை வீராப்புப் பேசியிருந்தேன். உங்கள் மேல் கோபம் வரவில்லை. பெண்ணும் குழந்தையும் வந்த வீட்டில் பழைய மாமியாருக்கு என்ன வேலை, சரிதானே என்றுதான் தோன்றியது. அந்த எட்டு நாளும் நான் யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. பால் வாங்கும்போதுகூட விரலைக் காட்டினேன். பிறகு உங்கள் கடிதம் வந்தது, படித்தேன், புரிந்தது. புரிந்த பிறகும் வலித்தது. உங்களிடம் மறைக்கக் கூடாது என்று சொல்கிறேன்.

போனில் வந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். பதில் அடிக்க அந்தப் பட்டன்களில் எனக்கு வரவில்லை. உங்கள் அழைப்பு வந்திருக்கிறது. மகளுடைய அழைப்பு நாள் கடந்து செத்துவிட்டது. நான் இரண்டையும் விட்டுவிட்டு எனக்கே ஒரு சந்தா எடுத்துக்கொண்டேன். 'எத்தனை பேருக்கு?' என்று கேட்டது. 'ஒருவர்' என்று அமுக்கினேன். யாரையும் கேட்காமல் நானே இன்ஸ்டாலும் செய்தேன். உங்கள் மேல் வருத்தத்தில் செய்ததாக நினைக்காதீர்கள். ஒரு பட்டனில் சேர்த்து ஒரு பட்டனில் எடுக்கிற இடத்தில் இனி நான் இருக்க வேண்டாம், அவ்வளவுதான்.

மகள் மூன்று வாரம் கழித்து ஸ்கிரீனில் வந்தாள். அவள் அங்கே சாப்பிட்டாள், நான் இங்கே சாப்பிட்டேன். கடைசியில் உங்கள் கல்யாணத்தைச் சொன்னேன், நான் போகிறேன் என்றும் சொன்னேன். "போகணுமா?" என்றாள். உதடு தெளிவாகத் தெரிந்தது. போகணும் என்றேன். படம் அப்படியே நின்றுவிட்டது. அவள் நிறுத்தினாளா, இணைப்பு நின்றதா என்று தெரியவில்லை. இன்னும் அவள் வரவில்லை.

ஆமாம், வருகிறேன். ரயில் டிக்கெட் எடுத்துவிட்டேன். நீங்கள் கூப்பிடவில்லை, நானும் வரலாமா என்று கேட்கவில்லை. கேட்டால் நீங்கள் ஆறு வாரம் யோசிப்பீர்கள். இதற்குப் பதில் எழுதினாலும் அது இங்கே வரும்போது வீடு பூட்டியிருக்கும். வாசலில் என்னைத் தெரியாதவர்கள்தான் நிற்பார்கள். "நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" என்று யாராவது கேட்பார்கள். வாயசைவிலேயே அது எனக்குப் புரிந்துவிடும். போன கல்யாணத்தில் நான் பெண் வீடு. இந்தத் தடவை மாப்பிள்ளை வீடு என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்காருகிறேன்.

அத்தை